அந்த 2002 ஆராய்ச்சி மூட்டு மாத்துற ஆபரேஷன் பத்தினது இல்லீங்க

முட்டி மூட்டு மாத்துறதும் சும்மா கீறித் தச்சு விடுறதும் ஒண்ணுதான்னு 2002லயே நிரூபிச்சுட்டாங்கன்னு மேல போட்டிருக்கீங்க, ஆராய்ச்சி நெஜம்தான், ஆனா ஆபரேஷன் வேற. ஹூஸ்டன்ல புரூஸ் மோஸ்லிங்கற எலும்பு டாக்டரோட டீம் 180 பேர்கிட்ட சோதிச்சது ஆர்த்ரோஸ்கோப்பிய, அதாவது தேய்ஞ்ச முட்டிக்குள்ள சின்ன ஓட்டை வழியா கேமரா விட்டு கழுவுறது, சுரண்டுறது. ஒரு குரூப்புக்கு மட்டும் தோலை கீறிட்டு, கழுவுற சத்தம் வரணும்னு தண்ணிய தெளிச்சு நடிச்சிருக்காங்க (கில்லாடிங்கதான்!). ரெண்டு வருஷம் பாத்தும் வலில வித்தியாசமே இல்ல. செயற்கை மூட்டு வைக்கிறது அதுல கிடையவே கிடையாது. அதை தனியா டென்மார்க்ல 100 பேர்கிட்ட பாத்து 2015ல வெளியிட்டாங்க, அதுல ஆபரேஷன் இல்லாம சிகிச்சை எடுத்தவங்கள விட ஆபரேஷன் பண்ணவங்களுக்கு வலி அதிகமா கொறஞ்சிருந்துச்சு. பப்மெட்ங்கற மருத்துவ ஆராய்ச்சி தேடுற வெப்சைட்ல Moseley 2002 arthroscopicனு போட்டு தேடுங்க, தலைப்புலயே ஆர்த்ரோஸ்கோப்பினு இருக்கும், சுருக்கம் ஃப்ரீயாவே படிக்கலாம்.