விகன் கேசினோவும் ஒரு பழைய டிவி படமும்

1977-இல் பிரிட்டனின் கிரனாடா டிவிக்காக டோனி பாமர் எடுத்த விகன் கேசினோ படம் யூடியூபில் அவ்வப்போது என் கண்ணில் படும். ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைப் பார்த்து வாய் பிளக்கிறேன், டைரக்டர் மேல் கோபப்படுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: விகன் இங்கிலாந்தின் வடமேற்கில் நிலக்கரிக்கும் பஞ்சாலைக்கும் பெயர்போன ஊர். அங்கே 'கேசினோ' என்று பெயர் வைத்த ஒரு பழைய நடன அரங்கில் 1973 செப்டம்பரில் 'நார்தர்ன் சோல்' இரவுகள், அதாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் 'சோல்' பாட்டுகளுக்கு ஆடும் இரவுகள், தொடங்கின. நள்ளிரவுக்கு மேல் ஆரம்பித்து காலை எட்டு மணி வரை ஆட்டம். மது விற்பனை கிடையாது. (தூக்கம் வராமலிருக்க மாத்திரை போட்டவர்கள் உண்டு, அதை மறைக்க வேண்டாம்.) தொளதொள பேண்ட், பனியன், தோல் அடி வைத்த ஷூ. கால் வழுக்கிக்கொண்டு போகத் தரையில் டால்கம் பவுடர். சுழல்வார்கள், மல்லாக்க விழுவார்கள், அடுத்த தாளத்துக்குள் எழுந்து நிற்பார்கள். ஜோடியெல்லாம் இல்லை, ஆளாளுக்குத் தனி ஆட்டம்.

பாமர் இதற்கு நடுவே ஆலை இயந்திரங்களையும் பழைய தொழிலாளர் படங்களையும் வெட்டி ஒட்டுகிறார். பாவம், வாரமெல்லாம் உழைத்து நொந்த பிள்ளைகள், சனிக்கிழமை ராத்திரி ஆடி மறக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு இது ஒப்பவில்லை. தொழிலாளி ஆடினால் மட்டும் ஏன் அது துக்கத்துக்கு மருந்தாகிவிடுகிறது? ரசனை என்று ஒன்று அவனுக்கு இருக்கக் கூடாதா?

அங்கே ஒலித்தவை பெரும்பாலும் அறுபதுகளில் டெட்ராய்ட், சிகாகோ பக்கம் கறுப்பினப் பாடகர்கள் பாடி, விற்காமல் போன இசைத்தட்டுகள். அமெரிக்காவே மறந்துவிட்ட அவற்றைத் தேடிப் பிடித்துத் தரம் பிரித்தவர்கள் இந்த ஊர்ப் பையன்கள்தான். போட்டி டீஜேக்களுக்குத் தெரியக் கூடாதென்று லேபிளை மறைத்து, பொய்ப் பெயர் வைத்து ஓட்டுவார்கள். ஃபிராங்க் வில்சன் 1965-இல் பாடிய தட்டு ஒன்று 'எடி ஃபாஸ்டர்' என்ற பெயரில்தான் அங்கே முதலில் சுற்றியது. அதன் ஒரு பிரதி 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. இவ்வளவு நுணுக்கமாகக் கேட்டவர்களைப் போய் 'தப்பித்து ஓடுகிறவர்கள்' என்கிறார்களே!

பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற டிவி பாட்டு நிகழ்ச்சி வேறு ரகம். 1975-இல் 'ஃபுட்சீ' என்றொரு பாட்டுக்குக் கேசினோ ஆட்டக்காரர்களையே ஸ்டுடியோவுக்கு வரவழைத்தார்கள். கால் வேலையில் குறையே இல்லை. பாட்டுதான் சகிக்காது.

பாமரைத் திட்டினாலும் கடைசியில் அவர் படத்தையே போட்டுப் பார்க்கிறேன். அந்தக் கூட்டத்தை, அந்தத் தரையிலேயே வைத்துப் பிடித்திருக்கிறாரே, அதற்காக. 1981 டிசம்பரில் கேசினோவை மூடினார்கள். அப்புறம் கட்டடம் தீப்பிடித்தது, இடித்தும் விட்டார்கள்.