பரவையிலும் சக்கிமங்கலத்திலும் இருப்பவர்கள் யார் பொறுப்பு?

பழங்குடியினர் என்றதும் நீலகிரி, கொல்லிமலை, ஜவ்வாது மலை என்றுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் நம் மதுரையை ஒட்டி, பரவை சத்தியமூர்த்தி நகரில் காட்டுநாயக்கர்கள் இருக்கிறார்கள். சக்கிமங்கலத்தில் நரிக்குறவர்களும் பூம்பூம் மாட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஒரு அதிகாரி வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

பழங்குடித் திட்டங்கள் ஆரம்பத்திலிருந்தே இடத்தை வைத்துத்தான் போடப்பட்டன. 1970-களில் வந்த ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டம், பழங்குடியினர் பெரும்பான்மையாக இருக்கும் பகுதிகளுக்கானது. 2006 வன உரிமைச் சட்டம் காட்டில் இருப்பவர்களுக்கு. நகரத்தில் பிழைப்பவர்களுக்கு என்று தனியாக யோசிக்கவே இல்லை. கனடாவில் வினிபெக் நகரத்தில் 1959-லேயே, ஊருக்குள் வந்த பூர்வகுடிகளுக்கு உதவவென்றே ஒரு நட்பு மையம் திறந்துவிட்டார்கள். இன்று அந்த நாடு முழுக்க இப்படி நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

இங்கே எல்லாம் முட்டிக்கொண்டு நிற்பது சாதிச் சான்றிதழில். மற்றவர்களுக்குத் தாசில்தார் அலுவலகத்திலேயே கிடைத்துவிடும். பழங்குடியினருக்கு மட்டும் 1989 முதல் ஆர்.டி.ஓ., அதாவது வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். போலிச் சான்றிதழ்களைத் தடுக்க அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் விசாரணை எப்படி நடக்கிறது? காடு எங்கே, தேன் எடுப்பீர்களா, என்ன சாமி கும்பிடுவீர்கள், அப்பாவுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். பன்றி வளர்த்து, குறி சொல்லி, தலைமுறைகளாக நகரத்தின் ஓரத்தில் வாழ்கிற குடும்பம் என்ன பதில் சொல்லும்? இத்தனைக்கும் பழங்குடிப் பட்டியலில் காட்டுநாயக்கன் என்ற பெயருக்கு மாவட்டக் கட்டுப்பாடே கிடையாது. மதுரையில் இருந்தாலும் அவர்கள் பழங்குடிதான். அதிலும் தமிழ்நாட்டில் மிகவும் நலிந்தவை என்று ஒன்றிய அரசே வகைப்படுத்திய ஆறு பழங்குடிகளில் அவர்களும் ஒருவர்.

கலெக்டர் ஆபீசில் நடக்கும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மஞ்சப்பையில் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் டி.சி., பழைய மனுக்களின் ஒப்புகைச் சீட்டு என்று மொத்த வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டு ஒரு அம்மா வரிசையில் நிற்பார். மனு கலெக்டரிடமிருந்து ஆர்.டி.ஓ.வுக்குப் போகும், அங்கிருந்து வி.ஏ.ஓ.வுக்கு வரும். பட்டா கேட்டால் வருவாய்த் துறை, கழிப்பறை கேட்டால் பேரூராட்சி, கடன் கேட்டால் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குக் கடனுதவி தரும் அரசு நிறுவனமான தாட்கோ. ஒவ்வொரு இடத்திலும் முதல் கேள்வி, சான்றிதழ் எங்கே? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் எத்தனை வாசல் ஏறுவார்?

நரிக்குறவர்கள் 2023 ஜனவரியில் பழங்குடிப் பட்டியலுக்கு வந்துவிட்டார்கள். பெரிய வெற்றி, சந்தேகமே இல்லை. ஆனால் கையில் இருக்கும் பழைய சான்றிதழில் மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் இருக்கும். அதை மாற்றும் அலைச்சலையும் அவர்கள் தலையில் கட்டுவது என்ன நியாயம்? அரசாங்கம்தான் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

பணமில்லை என்று சொல்ல முடியாது. பழங்குடியினர் மக்கள்தொகைக்கு ஏற்ப நிதி ஒதுக்க 2024-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்திருக்கிறது. துணை ஆட்சியர் நிலையில் ஒருவரை நியமியுங்கள். மாதம் ஒரு நாள் ஆர்.டி.ஓ., பேரூராட்சி, தாட்கோ, கல்வித் துறை எல்லோரையும் கூட்டிக்கொண்டு அவர் அந்தக் குடியிருப்பிலேயே உட்காரட்டும். மானிடவியல் படித்த ஒருவரும் கூட வரட்டும், விசாரணை அங்கேயே நடக்கட்டும். எந்த மனு எந்த மேசையில் நிற்கிறது என்று அந்த அதிகாரியிடம் கேட்டால் பதில் வர வேண்டும். முதல் முகாமை பிளஸ் டூ முடிவுகள் வருவதற்கு முன்னால் பரவையில் வையுங்கள், இந்த வருஷக் கவுன்சிலிங்குக்காவது அந்தப் பிள்ளைகள் சான்றிதழோடு போகட்டும்.