மூன்று குடும்பங்கள் போதும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு நம் பகுதியிலேயே ஒரு குழு தொடங்கலாம் என்று பேச்செடுத்தால், உடனே வரும் யோசனை "முதலில் ஒரு டாக்டரைக் கூப்பிட்டுப் பேச வைப்போம்" என்பதுதான். எனக்கு அதில் உடன்பாடில்லை. டாக்டர் அப்புறம் வரட்டும். முதல் சில சந்திப்புகளில் பெற்றோரே பேசட்டும்.

தெரபி பற்றிய தகவல்கள் தேடினால் கிடைத்துவிடும். நடுராத்திரி வரை தூங்காத பிள்ளையோடு விழித்திருக்கும் ஒரு அம்மா, மேல்விளக்கம் எதுவும் சொல்லாமல் இன்னொரு அம்மாவிடம் அதைச் சொல்ல முடிவதுதான் கிடைக்காத விஷயம். சொந்தக்காரர்களிடம் சொன்னால் "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று முடித்துவிடுகிறார்கள்.

அம்மா மீது பழி போடுவதை மருத்துவ உலகமே ஒரு காலத்தில் செய்தது, சொன்ன காரணம்தான் நேரெதிர். 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய பிறகு, தாயிடம் பாசம் குறைந்ததால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற எண்ணம் பல ஆண்டுகள் வேரூன்றியிருந்தது. குழந்தை உளவியல் பற்றி எழுதிவந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967இல்கூட அதையே எழுதிக்கொண்டிருந்தார். எத்தனை அம்மாக்கள் அதை நம்பித் தங்களையே வெறுத்திருப்பார்கள்! அதை எதிர்த்து, இது உடல் சார்ந்தது, வளர்ப்பால் வருவதில்லை என்று 1964இலேயே எழுதியவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பாவும்கூட. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் மற்ற பெற்றோரோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். லண்டனில் பெற்றோர் அதற்கும் முன்பே, 1962இல், ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். மனநல மருத்துவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் அம்மாவுமான லோர்னா விங் அவர்களில் ஒருவர். 1965இல் அந்தச் சங்கம் தன் குழந்தைகளுக்கென்று பள்ளியே திறந்தது.

அவ்வளவு பெரிதாக யோசித்து நாம் தயங்க வேண்டாம். மூன்று குடும்பங்கள் போதும். ஆனால் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எதிரொலிக்கிற பெரிய ஹாலும், விட்டுவிட்டு மினுங்குகிற டியூப்லைட்டும், மைக்கும் சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே வலிக்கும். சின்ன அறை போதும். பக்கத்தில் சத்தமில்லாத இன்னொரு அறை கட்டாயம் வேண்டும். சாலையைப் பார்த்த கதவுக்குத் தாழ்ப்பாளும் அருகில் ஒரு ஆளும் இருக்க வேண்டும், ஏனென்றால் சில குழந்தைகள் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே ஓடிவிடுவார்கள். நாளையும் நேரத்தையும் இடத்தையும் மாற்றாதீர்கள். அங்கே ஒரு குழந்தை கையை உதறினாலும், காதைப் பொத்திக்கொண்டு கத்தினாலும், யாரும் மன்னிப்புக் கேட்கத் தேவையிருக்கக் கூடாது. அப்பாக்களையும் தாத்தா பாட்டிகளையும் அண்ணன் அக்காக்களையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். பொதுவாக அழைத்தால் பெரும்பாலும் அம்மாக்கள் மட்டும்தான் வருவார்கள்.

உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது, குழந்தைகளின் படத்தை எங்கேயும் போடக் கூடாது. இவை சொல்லாமலே புரிந்திருக்கும். நான் விடாமல் நிற்பது இன்னொரு விதியில்: "முழுசா குணமாக்கித் தருகிறோம்" என்று எதையும் விற்கிறவருக்கு அங்கே இடமில்லை. ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து கிடையாது. சிலர் பிளீச் எனும் வெளுப்புத் திரவத்தைக்கூட மருந்தென்று குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். தடுப்பூசியோடு ஆட்டிசத்தை முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010இல் திரும்பப் பெற்றது. அந்தப் பயம் இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. களைத்துப்போன பெற்றோரிடம் எதையும் விற்றுவிடலாம். அதனால்தான் இதில் எனக்கு இவ்வளவு கோபம்.

இன்னொன்று. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் யாராவது அருகில் இருந்தால் தொடக்கத்திலேயே அழையுங்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர், 1993இல் பெற்றோரிடம் எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். நீங்கள் அழுவது நீங்கள் எதிர்பார்த்த பிள்ளைக்காக, எதிரில் இருக்கிற எங்களுக்காக இல்லை என்பது அவர் வாதம். பெற்றோருக்குக் கேட்கக் கடினமான பேச்சுதான். கேட்டாக வேண்டும் என்றே நினைக்கிறேன். அழைத்தவருக்கு வாயால் பேசச் சிரமமாக இருந்தால், முன்கூட்டியே கேள்விகளைக் கொடுத்துவிடுங்கள், எழுதித் தரட்டும். குழுவின் முடிவுகளில் அவருக்கும் ஒரு ஓட்டு இருக்கட்டும்.