வட சென்னைக்குத் தனியா போகலாமா?

மே மாசத்துல ஒருநாள் தனியா வட சென்னையைச் சுத்தப் போறேன்னு யார் சொன்னாலும் "அங்கயா? தனியாவா?"ன்னு ஒரு கேள்வி வரும். சினிமா பார்த்துப் பார்த்து வளர்ந்த பயம். ராயபுரத்துல வழி கேட்டா முக்கு வரைக்கும் கூடவே வந்து காட்டிட்டுப் போறவங்கதான் அதிகம். அங்க பயப்பட வேண்டியது ரெண்டுக்குத்தான்: 11 மணி வெயில், எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் லாரி.

'ஒரே நாளில் 15 இடங்கள்' பட்டியலைத் தூக்கிப் போட்டுடுங்க. கத்திரியில மூணு, மிஞ்சினா நாலு இடம். அந்த ஏரியாவே நாளை ரெண்டா வெட்டித்தான் நடத்துது. மீன் வியாபாரம் விடியக்காலையில முடிஞ்சிடும், கோயில் நடை 12 மணி வாக்குல சாத்திடும், அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்காரர் சாயங்காலம்தான் அடுப்பு பத்த வைப்பார். நடுவுல இருக்கிற நேரத்துல ஊர்க்காரங்களே நிழல்ல கிடக்கும்போது நீங்க மட்டும் எதுக்கு ரோட்டுல?

காசிமேடு துறைமுகத்துக்கு 5:30க்குள்ள போயிடுங்க. பலர் ஏமாறுற இடம் இதுதான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பெரிய ஏலத்தை எதிர்பார்த்துப் போனா வரிசையா கட்டிப்போட்ட படகும், வலை பின்னுறவங்களும், பெயின்ட் வாசனையும்தான் இருக்கும். (அதைப் பார்க்கிறதுக்கே போகலாம், அது வேற.) ஃபைபர் படகு மட்டும் போய் வரும்; நெத்திலி, சங்கரா, நண்டு கூறு கட்டி வெச்சிருப்பாங்க. ஆசைப்பட்டு வாங்கிடாதீங்க, ஐஸ் இல்லாம பையில மீனோட நாள் முழுக்கச் சுத்த முடியாது. வழுக்காத, நனைஞ்சாலும் பரவாயில்லாத செருப்பு முக்கியம்.

அங்கிருந்து ராயபுரம் ரயில் நிலையம் கிட்டத்தான். 1856ல தென்னிந்தியாவோட முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பினது இங்கிருந்துதான். தூண் வரிசை காலை வெளிச்சத்துல நல்லா இருக்கும், அரை மணி நேரம் போதும். அப்புறம் ஆட்டோ பிடிச்சு வண்ணாரப்பேட்டை மெட்ரோ போய், திருவொற்றியூர் தேரடியில இறங்குங்க. தியாகராஜர், வடிவுடையம்மன் தரிசனத்தை 9:30க்குள்ள முடிச்சுடணும். அதுக்கு மேல பிரகாரத்துக் கல்லுல வெறுங்கால் வைக்க முடியாது.

ஒரு குழப்பம்: வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் இந்த மூணு பேர்லயும் மின்சார ரயில் ஸ்டேஷனும் இருக்கு, மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கு. ரெண்டும் ஒரே இடம் இல்லை. மேப்புல பேரை மட்டும் பார்த்துட்டு இறங்கினா வெயில்ல நல்ல நடை. மெட்ரோலயும் தண்டையார்பேட்டை வரைக்கும்தான் சுரங்கம், குளுகுளுன்னு இருக்கும்; அதைத் தாண்டினா மேம்பாலம், பிளாட்பாரத்துல அனல் அடிக்கும்.

11ல இருந்து 4 வரைக்கும் ஏசி உள்ள ஓட்டல்ல நிதானமா சாப்பாடு, இல்லைன்னா தியேட்டர்ல மதியக் காட்சி. இதை நேர விரயம்னு நினைக்கிறவங்கதான் 3 மணிக்கு தலைவலியோட வீடு திரும்புறாங்க. கடற்காற்று பெரும்பாலும் 12ல இருந்து 2 மணிக்குள்ள உள்ள வரும், கரையோரத்துக்கு முதல்ல. மேற்குக் காற்று பலமா இருந்தா அது லேட்டாகும், அன்னைக்கு வெயில் எகிறும். 2003 மே 31ல நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவானதை மறந்துடாதீங்க. கடற்காற்று வந்ததும் சூடு குறையும், புழுக்கம் குறையாது. வேர்வை காயாம ஒட்டிக்கிட்டே இருக்கும். அப்பவும் தண்ணி குடிக்கணும்.

வெறும் தண்ணி போதாது. 1 லிட்டர் தண்ணிக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. வழியில கம்பங்கூழ், மோர், நுங்கு. கலர் சோடாவை விட்டுடுங்க. கழிப்பறை கிடைக்காதுன்னு பயந்து தண்ணியைக் குறைக்கிறதுதான், முக்கியமா பெண்கள், மயங்கி விழக் காரணம். இது ஊரோட குறை, உங்க குறை இல்லை. மெட்ரோ ஸ்டேஷன் கழிப்பறையைக் கணக்குல வெச்சே வழியைப் போடுங்க. தலை சுத்தல், வாந்தி, பேச்சுக் குழறல் வந்தா யோசிக்காம பக்கத்துக் கடையில உட்கார்ந்து 108ஐக் கூப்பிடச் சொல்லுங்க. வெயில்ல மேப்பும் கேமராவும் ஓடினா போன் சூடாகி அணைஞ்சிடும். அதனால 300 ரூபாய் சில்லறையா கையில இருக்கட்டும்.

4:30க்கு மண்ணடி மெட்ரோ. ஜார்ஜ் டவுன்ல தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு, மின்ட் தெரு எல்லாம் தெற்கு வடக்கா ஓடுறவை. காலையில கிழக்கு ஓரம் நிழல், சாயங்காலம் மேற்கு ஓரம். நடுப்பகல்ல ரெண்டு பக்கமும் கிடையாது. ஏப்ரல் 24 வாக்குல சூரியன் நேர் உச்சியில நின்னு நிழலே விழாது. மேற்கு ஓரமாவே நடந்து காளிகாம்பாள் கோயிலைப் பார்த்துடலாம். பின்னாடி மீன்பாடி வண்டி (மூணு சக்கர சரக்கு வண்டி) சத்தம் கேட்டா ஒதுங்குங்க, ஓட்டுறவர் ஒதுங்க மாட்டார். ஞாயித்துக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், நடக்க சுகம். ஆனா அன்னைக்குக் காசிமேட்டுல நெரிசல்.

கடைசியா பர்மா பஜார் பக்கம் அத்தோ. 1960கள்ல பர்மாவுல இருந்து திரும்பி வந்தவங்க கொண்டு வந்தது. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பொடியா சீவின கோஸ், பொரிச்ச வெங்காயம், நொறுக்கின பேஜோ (மொறுமொறுன்னு பொரிச்ச தட்டை மாதிரி), புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் ஒரே கிண்ணத்துல விழும், கடைக்காரர் கையாலேயே பிசைவார். கூட வாழைத்தண்டு சூப், கேட்டா இன்னொரு கரண்டியும் ஊத்துவார். காரம் வேணாம்னா அவர் கையை உள்ள விடறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.