ஊரில் நின்றவர்களையும் அழையுங்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் இங்கே கனடாவில், டொராண்டோவை ஒட்டிய மிசிசாகாவிலும் பிராம்ப்டனிலும் பூங்காக்கள் நம் ஊர்ப் பெற்றோர்களால் நிறைந்துவிடும். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், காலில் புது ஷூ, கையில் பேரக் குழந்தையின் தள்ளுவண்டி. பார்க்கவே நிறைவாக இருக்கும். ஆனால் அந்தக் கூட்டத்தில் உங்கள் அண்ணனையோ அக்காவையோ அண்ணியையோ எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? எனக்குத் தெரிந்த வீடுகளில் அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், மாமியார் மாமனார் வந்திருக்கிறார்கள். ஊரில் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மட்டும் வந்ததில்லை.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

ஒரு குடும்பத்தில் ஒருவர் வெளிநாடு போக முடிகிறது என்றால், பெரும்பாலும் இன்னொருவர் ஊரில் நின்றுகொண்டார் என்று பொருள். அப்பாவின் சர்க்கரை மாத்திரை தீர்வதற்கு முன் வாங்கி வைப்பது, அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது, ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்கவைப்பது, தூரத்து உறவின் துக்கத்துக்கு நம் பெயரையும் சொல்லிப் போய் நிற்பது எல்லாம் அவர் வேலை. மாயவரத்தில் என் அண்ணனும் அண்ணியும் இதைச் செய்கிறார்கள். நான் வாட்ஸ்அப்பில் அழைத்தால் அண்ணி போனை எடுத்து, "இதோ அம்மாவிடம் கொடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். பல வருடங்களாக எங்கள் உரையாடல் அந்த ஒரு வரிதான். இதை ஒரு குறையாக எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. பேசாமல் போனதுதான் எனக்கு வலிக்கிறது.

அவர்களை அழைப்பது கடினம், விசா கிடைக்காது என்று எல்லோரும் சொல்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. கனடாவின் சட்டம் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் தனியாக வைத்துப் பார்க்கிறது. அவர்களுக்கென 2011 டிசம்பரில் சூப்பர் விசா வந்தது. 10 ஆண்டு வரை செல்லுபடியாகும், பலமுறை வந்துபோகலாம், 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை வந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம். அழைக்கும் பிள்ளைக்குக் குறிப்பிட்ட அளவு வருமானம் இருக்க வேண்டும். வருகிறவருக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இந்த விசாவில் அண்ணனுக்கும் அக்காவுக்கும் இடம் இல்லை. அவர்களுக்கு இருப்பது சாதாரண வருகையாளர் விசா. கட்டணம் 100 டாலர், கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் 85 டாலர். குடும்பமாக ஒன்றாக விண்ணப்பித்தால் கைரேகைக் கட்டணம் எல்லோருக்கும் சேர்த்து 170 டாலரைத் தாண்டாது. வழக்கமாக 6 மாதம் வரை தங்க விடுவார்கள்.

மீதிப் பாதி நாமே கட்டிக்கொண்ட பயம். விசா அதிகாரி முதன்மையாகக் கேட்பது, இவர் காலம் முடிந்ததும் திரும்பிப் போய்விடுவாரா என்பதைத்தான். நன்றாக யோசித்துப் பாருங்கள். வயதான பெற்றோரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், நிலையான வேலையோ கடையோ நிலமோ உள்ளவர், பிள்ளைகளை ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருப்பவர், இவரைவிட ஊருக்குத் திரும்பக் காரணம் உள்ளவர் வேறு யார்? அத்தனை வருடம் அவரை ஊரிலேயே கட்டிப்போட்ட பொறுப்புகள்தான் விண்ணப்பத்தில் அவருக்குப் பலம். நாம் அதைக் கடிதத்தில் எழுதுவதே இல்லை. "என் சகோதரர் என்னைப் பார்க்க வருகிறார், செலவை நான் ஏற்கிறேன்" என்று நான்கு வரி எழுதி அனுப்பிவிட்டு, மறுப்பு வந்ததும் தலைவிதி என்கிறோம்.

அழைப்புக் கடிதத்தில் வருபவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, உங்களுக்கு என்ன உறவு, எதற்காக வருகிறார், எத்தனை நாள், எங்கே தங்குவார், யார் செலவு, எப்போது திரும்புவார் என்பதெல்லாம் இருக்க வேண்டும். உங்கள் வேலை, கனடாவில் உங்கள் குடியேற்ற நிலை, வீட்டில் இருப்பவர்கள் பற்றியும் எழுத வேண்டும். இதோடு நிறுத்தாதீர்கள். அவர் இல்லாத நாட்களில் பெற்றோரை யார் பார்த்துக்கொள்வார்கள், அவர் எந்தத் தேதியில் மறுபடி வேலைக்குப் போக வேண்டும் என்பதையும் எழுதுங்கள். அரசு வேலையில் இருந்தால் துறையின் தடையின்மைச் சான்றும் விடுப்பு அனுமதியும் வாங்கச் சொல்லுங்கள். பட்டா, வருமான வரிக் கணக்கு, பல மாதங்களுக்கான வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் வேண்டும். விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் கணக்கில் திடீரென்று பெரிய தொகையைப் போட்டு வைப்பது உதவாது, சந்தேகத்தைத்தான் கிளப்பும். உறவை நிரூபிக்க இருவரின் பிறப்புச் சான்றிதழிலும் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீடுகளில் ஒன்றில் தலைப்பெழுத்தாகவும் இன்னொன்றில் முழுப்பெயராகவும் இருக்கும். அதை விளக்கி ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.

மறுத்தாலும் கதை முடிந்துவிடவில்லை. அதிகாரி எழுதிவைத்த குறிப்புகளை, விண்ணப்பித்தவரின் சம்மதத்தோடு, தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டாலர் கட்டி நீங்களே கனடாவிலிருந்து கேட்டு வாங்கலாம். எதில் திருப்தி இல்லை என்று தெரிந்துகொண்டு, அதற்கு ஆவணம் சேர்த்து மறுபடி விண்ணப்பிக்கலாம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். நடக்காத கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்து வைக்கச் சொல்லும் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். பொய்த் தகவல் என்று முடிவானால் 5 ஆண்டு கனடாவுக்குள் வர முடியாது. உடன்பிறந்தவரைப் பார்க்க வருவது என்பதே போதுமான காரணம். அதற்குமேல் ஒரு காரணம் தேவையில்லை.

அடுத்தது, "அவர்கள் வந்துவிட்டால் அம்மா அப்பாவை யார் பார்ப்பது?" என்ற கேள்வி. இது நியாயமான கேள்வி. ஆனால் இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் வெளிநாட்டில் இருப்பவர். அண்ணன் தலையில் அதையும் கட்டக் கூடாது. இரண்டு வழிகள் நடைமுறையில் சரியாக வருகின்றன. பெற்றோர் இங்கே சூப்பர் விசாவில் இருக்கும்போது, அவர்கள் திரும்பும் மாதத்தில் அண்ணன் அண்ணியை வரவழைப்பது ஒன்று. சென்னைக்கும் டொராண்டோவுக்கும் நேரடி விமானம் இல்லை. தோஹாவிலோ துபாயிலோ பிராங்பர்ட்டிலோ மாற வேண்டும். மூட்டு வலியோடு வயதானவர்கள் தனியாக மாறுவதைவிட, மகனும் மருமகளும் கூடவே அழைத்துப்போவது எல்லோருக்கும் நிம்மதி. நாங்கள் செய்தது இதைத்தான். இன்னொரு வழிக்குக் கொஞ்சம் மனம் வேண்டும்: நீங்கள் விடுப்பு எடுத்து ஊருக்குப் போய் அம்மா அப்பாவோடு இருங்கள், அந்த நாட்களில் அண்ணனும் அண்ணியும் இங்கே வந்து உங்கள் கணவரோடும் பிள்ளைகளோடும் இருக்கட்டும். அவர்களுக்கு நாடு பார்த்ததாகும், உங்களுக்கு அவர்கள் அன்றாடம் செய்வது என்னவென்று தெரியும்.

பணம் பற்றிய கூச்சம் இன்னும் ஆழமானது. கோடையில் ஒரு டிக்கெட்டே ஒரு லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். தங்கை காசில் போவதா என்று அண்ணன்கள் தயங்குவார்கள். என் அண்ணனும் தயங்கினார். ஒவ்வொரு பொங்கலுக்கும் சீர் என்று சொல்லி என் ஊர் வங்கிக் கணக்கில் அவர் பணம் போடத் தவறியதில்லை. "நீ வைக்கும் சீரை நான் மறுத்திருக்கிறேனா? இது நான் வைக்கும் சீர்" என்றேன். அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை. எந்தக் குடும்பத்தில் எந்தச் சொல் எடுபடும் என்பது அந்தந்தக் குடும்பத்துக்குத் தெரியும். ஆனால் அழைக்கும்போது டிக்கெட்டையும் பயணக் காப்பீட்டையும் சேர்த்தே சொல்லுங்கள். வருகையாளர் விசாவுக்குக் காப்பீடு கட்டாயம் இல்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்டாரியோவின் அரசு மருத்துவத் திட்டம் வருகையாளருக்குச் செல்லாது. ஒரு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தாலே ஆயிரக்கணக்கான டாலர் ஆகிவிடும். "ஒரு தடவை வந்துவிட்டுப் போங்களேன்" என்று வாசலில் நின்று சொல்வது அழைப்பு ஆகாது. தேதி சொல்லி, படிவத்தை நிரப்பிக் கொடுத்து, சென்னையில் கைரேகை கொடுக்க நாள் பதிவு செய்து தருவதுதான் அழைப்பு.

வந்தபிறகு அண்ணிகளைச் சமையலறைப் பக்கம் விடாதீர்கள். இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். அவர் பழக்கத்தில் எழுந்து வருவார், நாமும் பழக்கத்தில் வழிவிட்டுவிடுவோம். அங்கே இருபது வருடம் செய்த வேலையை இங்கே குளிரில் வந்து செய்ய அவரை அழைக்கவில்லை. அவர் என்ன பார்க்க விரும்புகிறார் என்று அவரையே கேளுங்கள். நயாகராவை எல்லோரும் பார்க்கத்தான் போகிறார்கள். என் அண்ணி கேட்டது, நான் வேலைக்குப் போகும் ரயிலில் ஒருநாள் என்னோடு வர வேண்டும் என்பது. மாடி வைத்த அந்தப் பச்சை ரயிலில் மேல்தளத்தில் உட்கார்ந்து டொராண்டோவின் யூனியன் நிலையம் வரை வந்தார். கல்லூரியில் தான் படித்த கணிதம் பற்றியும், கல்யாணத்தோடு விட்டுப்போன பி.எட். பற்றியும் அன்றைக்குத்தான் என்னிடம் பேசினார். இத்தனை வருடம் உறவாக இருந்தும் அவர் கணிதம் படித்தவர் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பிள்ளைகளோடு வருவதாக இருந்தால் மே மாதத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பள்ளி விடுமுறை அப்போதுதான். இங்கே நம் பிள்ளைகளுக்கு ஜூன் கடைசி வரை பள்ளி இருக்கும் என்பது ஒரு சிரமம், ஆனாலும் மாலையும் சனி ஞாயிறும் இருக்கின்றன. மே மாதத்துக்கு ஜனவரியிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். விசா வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எடுக்க வேண்டாம்.

இப்போது என் சித்திக்காகக் காகிதங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தலைபின்னி அனுப்பியவர் அவர்தான். கணவர் இல்லை, பிள்ளை இல்லை, ஊருக்குத் திரும்புவார் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். ஓய்வூதிய ஆணை, சொந்த வீட்டுப் பத்திரம், அவர் பொறுப்பில் இருக்கும் தாத்தாவின் நிலத்துக்கான பட்டா, அதோடு சித்தியைப் பற்றி நான் எழுதும் இரண்டு பக்கக் கடிதம். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். அது வந்ததும் விண்ணப்பம் போகிறது. கடிதம் எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் என்னைக் கேளுங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதலாம்.