உயிரோடு இருப்பவனுக்கு மாலை போடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டர் டெர்பி, அதாவது இங்கிலாந்தில் ஒரே ஊர் அணிகளான சிட்டியும் யுனைடெட்டும் மோதிய கால்பந்து ஆட்டம், முடிந்த பிறகு நம் கடலூரில் என்ன நடந்தது என்பதை இதைப் படிக்கும் பலர் எனக்கு முன்பே அறிவீர்கள். உங்களில் ஒருவருடைய ஸ்டேட்டஸில்தான் நானே அதை முதலில் பார்த்தேன். ஆகவே கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஜெயித்த சிட்டியின் ரசிகர்கள் பன்னிரண்டு பேர், தோற்ற யுனைடெட்டின் ரசிகனான ஒரு பையனுக்கு அஞ்சலி பேனர் கட்டினார்கள் என்று மட்டும் சொல்கிறேன். அந்தப் பையனின் பெயரைச் சொல்லவும், அந்த பேனரின் படத்தை இங்கே போடவும் எனக்கு மனமில்லை. இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்து அறுப்பதைச் சொல்லிவிடுகிறேன். தோற்ற அணியின் ரசிகனைக் கேலி செய்யுங்கள், ஆறு கோல் வாங்கியதை ஆறு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுங்கள். ஆனால் உயிரோடு இருக்கும் ஒரு பையனின் படத்துக்கு மாலை போட்டு, இரு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றி, 'கண்ணீர் அஞ்சலி' என்று அச்சடித்துத் தெருமுனையில் கட்டாதீர்கள்.

ஆட்டத்தை நானும் அந்தப் பையன் பார்த்த அதே மாடியில், அதே திரையில்தான் பார்த்தேன். சிட்டி 6, யுனைடெட் 3. இடைவேளைக்குள்ளேயே நான்கு கோல்கள். ஹாலண்ட் மூன்று, ஃபோடன் மூன்று என்று அடித்து முடித்த பிறகு, கடைசி நிமிடங்களில் மார்சியால் அடித்த இரண்டு கோல்கள் யாருக்கும் ஆறுதலாக இல்லை. அந்தப் பையன் ஏழாம் எண் ஜெர்சி அணிந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ரொனால்டோ எப்படியும் இறக்கப்படுவார் என்று நம்பியே அவன் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. ரொனால்டோ ஆட்டம் முழுவதும் வெளியேதான் உட்கார்ந்திருந்தார். அவருடைய பெரிய ஆட்ட வாழ்வுக்குத் தரும் மரியாதையாகவே அவரை இறக்கவில்லை என்று பயிற்சியாளர் டென் ஹாக் பிறகு சொன்னார். அந்தக் காரணத்தை ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் இவ்வளவு பெரிய தோல்வியின் நடுவே ஒரு மனிதரைக் கொண்டுபோய் நிறுத்துவது அவருக்கு மரியாதை ஆகாது என்ற எண்ணமாவது அங்கே ஒருவருக்கு வந்திருக்கிறது. இங்கே அந்த எண்ணம் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

பன்னிரண்டு பேர் என்று நான் எண்ணித்தான் சொல்கிறேன், ஏனென்றால் பேனரின் அடியில் 'இவண்' என்று போட்டுப் பன்னிரண்டு முகங்கள் இருந்தன. அவற்றில் நான்கு முகங்களை எனக்குக் குழந்தைப் பருவத்திலிருந்தே தெரியும். பையனின் படம் அவனுடைய அக்காள் திருமணத்தில் எடுத்தது, அவனுடைய இணையப் பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். 'தோற்றம்' என்று வர வேண்டிய இடத்தில் 'தோற்றோம்' என்றும், 'மறைவு' என்ற இடத்தில் 02.10.2022 என்றும் போட்டிருந்தார்கள். குடித்துவிட்டுச் செய்தார்கள் என்றுகூட மனத்தைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை. அன்று காந்தி ஜெயந்தி, கடைகள் அடைத்திருந்தன. தெளிந்த புத்தியோடு, ஆளுக்குப் பணம் போட்டு, படம் தேர்ந்தெடுத்து, சொற்களைத் திருத்தி, திங்கட்கிழமை விடிவதற்குள் கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சொல் விளையாட்டு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் புரியும் என்பதை யாராவது யோசித்தீர்களா? அவனுடைய ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மீன் எடுக்கப் போன அந்தக் கிழவிக்குத் தெருமுனையில் தெரிந்தது படம், மாலை, விளக்கு மட்டுமே. பாயில் தூங்கிக்கொண்டிருந்த பேரனை விட்டுவிட்டு வந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை. கூடையைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தவரைத் தேநீர்க் கடைக்காரர்தான் தூக்கி நிறுத்தி, "ஆயா, அது வெளாட்டுக்கு வச்சது, உன் பேரன் வீட்லதான் இருக்கான்" என்று சொல்லி அழைத்துப் போனார். அவர் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, தூங்குகிறவனின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்த பிறகுதான் அழத் தொடங்கினார். பத்து மணிக்குள் பரங்கிப்பேட்டையிலிருந்து அத்தை பஸ் பிடித்து வந்துவிட்டார். வளைகுடாவில் வேலை செய்யும் அப்பாவுக்கு யாரோ அந்த ஸ்டேட்டஸை அனுப்பியிருக்கிறார்கள். அவர் அழைத்த நேரத்தில் பையனின் போன் அணைந்து கிடந்தது. மறுபடி தொடர்பு கிடைக்கும்வரை அந்த மனிதர் அங்கே எப்படி நின்றிருப்பார் என்று நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

அந்த வீட்டுச் சுவரில் ஏற்கெனவே மாலை போட்ட படம் ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எடுத்துக்கொண்ட அவனுடைய சித்தப்பாவின் படம். சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். நம் கரையோரக் குப்பங்களில் மாலை போட்ட படம் இல்லாத வீடுகளை எண்ணுவதுதான் எளிது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாலை போட்ட படம் கேலிப்பொருளாகத் தெரிவது எப்படி என்று எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

'விளையாட்டை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும், அண்ணா' என்று நேற்று இரண்டு தம்பிகள் எனக்கு எழுதியிருந்தார்கள். நான் அதைத்தான் சொல்கிறேன். விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது, திரையில் இருக்கிறது, தேநீர்க் கடைப் பேச்சில் இருக்கிறது. கிழவியின் அன்னக்கூடையில் இல்லை. 'அவன் ஆயா பார்ப்பார் என்று யாருக்குத் தெரியும்' என்றும் ஒருவர் கேட்டிருந்தார். தெருமுனையில் பத்தடிக்கு ஆறடி பேனர் கட்டும்போது, தெருவில் நடக்கிறவர்கள் பார்க்க மாட்டார்கள் என்றா நினைத்தீர்கள்?

தோல்வி எனக்குப் புதிது அல்ல. 1997இல் மஞ்சக்குப்பம் மைதானத்தில் எங்கள் பகுதி அணிக்கு நான் கோல்கீப்பர். ஓர் இறுதி ஆட்டத்தில் முதுநகர்ப் பக்கத்து அணியிடம் ஏழு கோல் வாங்கினோம், ஒன்றும் திருப்பி அடிக்கவில்லை. நம் ஊர் மக்களுக்கு அதுதான் டெர்பி. இரு பக்கத்து ஆட்களும் கயிற்றைத் தள்ளிக்கொண்டு கோட்டின் மேலேயே நிற்பார்கள். ஜெயித்தவர்கள் பறையடித்து, சரவெடி கொளுத்தி, வேண்டுமென்றே எங்கள் தெரு வழியாகத்தான் ஊர்வலம் வந்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். அப்போது என் தாத்தா படுத்த படுக்கையாகக் கிடந்தார். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு முன்பாகப் பறைச் சத்தம் நின்றது. "பெரியவரு படுத்திருக்காரு, அடிக்காதீங்க" என்று அவர்களில் ஒருவர் சொன்னது சன்னல் வழியாக எனக்குக் கேட்டது. நூறு பேருக்குக் குறையாத கூட்டம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க எங்கள் வாசலைக் கடந்துபோய், அடுத்த தெரு திரும்பிய பிறகுதான் மறுபடி அடிக்கத் தொடங்கியது. மறுநாள் முதல் எனக்கு 'ஏழுமலை' என்று பெயர் வைத்தார்கள். ஐந்தாறு வருடம் அந்தப் பெயர் என்னோடு இருந்தது, இன்றும் முதுநகரில் இரண்டு பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கேலி எனக்கு ஒருநாளும் வலித்ததில்லை, ஏனென்றால் அதைச் செய்தவர்கள் என் வாசலில் பறையை நிறுத்தியவர்கள்.

நான் யுனைடெட் ரசிகன், தோற்ற வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ஆமாம், 1999 மே மாதம் பார்சிலோனாவில் ஆட்டம் முடியும் தறுவாயில் ஷெரிங்காமும் சோல்ஷயரும் அடித்து ஜெர்மனியின் பேயர்ன் அணியைச் சாய்த்த இரவிலிருந்து நான் யுனைடெட் ரசிகன்தான். 2011 அக்டோபர் 23 அன்று சொந்த மைதானத்தில் சிட்டியிடம் 1-6 என்று தோற்றதையும் பார்த்தேன். அது தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு. சிட்டி ரசிகனான என் நண்பன் தீபாவளியன்று காலையில் வீட்டுக்கு வந்து, ஒரு தட்டில் ஆறு அதிரசமும் இன்னொரு தட்டில் ஒரே ஓர் அதிரசமும் வைத்து என் முன்னால் நீட்டினான். என் மனைவிக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் கோபம் போய்விட்டது. கேலி என்றால் அது. பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் அதிரசம் சுடும்போதெல்லாம் அந்தக் கதை வருகிறது. உங்கள் பேனரை அந்தக் குடும்பம் அப்படி ஒருநாள் சிரித்துக்கொண்டு நினைக்குமா?

யுனைடெட்காரர்கள் செய்யாததா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் உண்டு, அது எனக்குப் பெருமை தருவது அல்ல. 2009 செப்டம்பரில், முடிந்துவிட்டது என்று நினைத்த சிட்டியுடனான ஆட்டத்தில் மைக்கேல் ஓவன் தொண்ணூற்றாறாவது நிமிடத்தில் அடித்து 4-3 என்று ஜெயித்த இரவில், இதே நண்பனுக்கு விடியும்வரை குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அவன் அன்று காய்ச்சலில் கிடந்த தன் மகளோடு மருத்துவமனையில் இருந்தான். ஒரு செய்திக்கும் அவன் பதில் அனுப்பவில்லை, அதை நான் பயந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு இன்னும் நான்கு அனுப்பினேன். விஷயம் மூன்று வாரம் கழித்து அவன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதனால்தான் இன்று உங்களிடம் பேசும் உரிமை எனக்கு இருப்பதாக நினைக்கிறேன்.

மான்செஸ்டரில் இதைவிடக் கேவலமாக நடக்கும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. அங்கேயும் இறந்தவர்களை இழுத்து அசிங்கமாகப் பாடுகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஊர் வேறொன்றும் செய்திருக்கிறது. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள், அவர்களில் எட்டுப் பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள். பத்திரிகையாளராக உடன் சென்ற ஃபிராங்க் ஸ்விஃப்டும் அதில் இறந்தார். அவர் ஒரு காலத்தில் சிட்டியின் கோல்கீப்பர். ஐம்பதாம் ஆண்டு நினைவு 2008 பிப்ரவரி 10 அன்று, யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில், டெர்பியின்போதே வந்தது. சிட்டி ரசிகர்கள் அந்த ஒரு நிமிட மௌனத்தைக் கலைத்துவிடுவார்கள் என்று பலர் பயந்தார்கள். அவர்கள் கலைக்கவில்லை. அதன் பிறகு சிட்டி 2-1 என்று ஜெயித்தது, வேண்டிய மட்டும் கொண்டாடினார்கள். நீங்கள் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கும் அதே வான்நீல நிறத்தை அணிந்தவர்கள்தான் அவர்கள்.

இதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் திங்கட்கிழமை இரவு என்னோடு இருந்திருக்க வேண்டும். பையன் பகல் முழுவதும் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு இருட்டிய பிறகு வெளியே போனான், பதினொரு மணியாகியும் வரவில்லை. அவன் வேலை செய்யும் பைக் பட்டறை முதலாளியும் நானும் ஆளுக்கொரு வண்டியில் தேடினோம். ஒரு மணிக்கு மேல் சில்வர் பீச்சில், ஒதுக்கிவைத்த கட்டுமரங்களுக்குப் பின்னால், அதே ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தான். தேடிய அந்த இரண்டு மணி நேரமும் எனக்குக் கொல்கத்தாதான் ஞாபகத்தில் ஓடியது. 1975 செப்டம்பர் 30 அன்று ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகான், அதே ஊரின் எதிரணியான ஈஸ்ட் பெங்காலிடம் 5-0 என்று தோற்ற பிறகு, ஓர் இளம் மோகன் பகான் ரசிகர் உயிரை மாய்த்துக்கொண்டார். ஐந்து வருடம் கழித்து, 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டனில் இவ்விரு அணிகளின் ஆட்டத்தில் மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். இந்தச் சனிக்கிழமை, நம் டெர்பிக்கு முந்தின இரவு, இந்தோனேசியாவின் மலாங் நகரில் அரேமா அணி தன் பகையாளியான பெர்செபாயாவிடம் 2-3 என்று தோற்ற பிறகு 125 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அங்கே ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கினார்கள், போலீஸ் கண்ணீர்ப் புகை வீசியது, வாசல்களில் நெரிசலில் மக்கள் மூச்சுத் திணறினார்கள். அதையும் உங்கள் பேனரையும் ஒன்றாக வைத்துப் பேசுவது நியாயமில்லை என்பீர்கள், அது சரிதான். ஆனால் கால்பந்துத் தோல்வியின் மறுநாள் உண்மையான மாலைகள் கட்டப்பட்டுக்கொண்டிருந்த அதே ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் பொய்மாலை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தீர்கள்.

கடைசியாக, 'எங்கோ இங்கிலாந்தில் யாரோ தோற்றதற்கு இங்கே என்ன அழுகை' என்று கேட்ட பெரியவருக்கு. ஐயா, அந்தக் கேள்வியைப் பையனிடம் மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? அழுதவனுக்கு இங்கிலாந்து தூரம் என்றால், பேனர் கட்டியவர்களுக்கும் அதே தூரம்தானே? சுனாமிக்குப் பிறகு நம் ஊரில் பெண் பிள்ளைகளைக் கால்பந்துக்குத் தயார் செய்தார்கள். கடலூர்ப் பெண்ணான இந்துமதி கதிரேசன் இந்திய அணிவரை ஆடினார், 2018இல் தமிழகப் பெண்கள் அணி மணிப்பூரை வென்று முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. அண்ணா விளையாட்டரங்கில் நம் பிள்ளைகள் ஆடுகிறபோது நான் போகிறேன், அந்தப் பையனும் வருவான், பந்து பொறுக்கிப் போடுவான். பன்னிரண்டு முகங்களில் ஒன்றையும் உங்களையும் நான் அங்கே பார்த்ததில்லை.

இன்று ஆயுத பூஜை. பட்டறையில் வண்டிகளைக் கழுவிப் பொட்டு வைத்துப் பூப் போட்டிருக்கிறார்கள், அவன் வரவில்லை. பேனரைத் தேநீர்க் கடைக்காரர் நேற்றே அவிழ்த்துச் சுருட்டிக் கடைக்குப் பின்னால் வைத்துவிட்டார். நாளை மாலை ஆறு மணிக்கு நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். எனக்குத் தெரிந்த அந்த நான்கு முகங்களுக்காக ஐந்தரை முதல் தேநீர்க் கடை வாசலில் நிற்பேன். ஆயாவிடம் பேசுவதற்கு வார்த்தை கிடைக்கவில்லை என்றால் பேச வேண்டாம், அவனோடு திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும்.