பாமியானை உடைத்தது காலம் இல்லை

ஆப்கானிஸ்தானின் பாமியானில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்ட இரண்டு பெரிய புத்தர் சிலைகளைப் பற்றிய நேற்றைய பதிவுக்குக் கீழே வந்த அந்தக் கமெண்டைப் பார்த்திருப்பீர்கள். "எல்லாம் நிலையற்றது என்று சொன்னவர்தானே புத்தர், சிலை போனதற்கு ஏன் இத்தனை அழுகை?" அதற்கு லைக் போட்டவர்களில் என்னோடு படித்தவர்களும் இருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

பனியும் வெயிலும் அரித்துப் பாறை உதிர்ந்தால் அது நிலையாமை. 2001 மார்ச்சில் நடந்தது அதுவா? அப்போது ஆட்சியில் இருந்த தாலிபானின் தலைவர் முல்லா ஒமர் உத்தரவு போட்டார். பீரங்கியால் சுட்டார்கள், சிலைகள் விழவில்லை. அப்புறம் உள்ளூர் ஆட்களை மிரட்டி, மலை உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு, துளை போட வைத்து வெடி வைத்தார்கள். வாரக்கணக்கில் திட்டம் போட்டுச் செய்த வேலை இது. பழியைக் காலத்தின் மேல் போட உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

1221இல் செங்கிஸ்கான் அந்த ஊரையே அழித்தார். அப்போதும் அவை நின்றன. ஒன்று 55 மீட்டர், இன்னொன்று 38 மீட்டர். மலையைக் குடைந்து சிலைகளின் உடலைச் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய சிலையின் அங்கி மடிப்புகளுக்கு மரமுளை அடித்து, கயிறு கட்டி, அதன்மேல் வைக்கோல் கலந்த மண்ணைப் பூசியிருக்கிறார்கள். ஏறத்தாழ 1,400 வருடம் தாங்கிய வேலை.

"முகம் ஏற்கெனவே இல்லையே" என்பீர்கள். இல்லைதான். அதனால் மீதியையும் வெடிக்கலாமா?

மெல்போர்னில் என்னோடு வேலை பார்த்த நண்பர் பாமியான்காரர். ஹசாரா இனத்தவர், தொழுகை தவறாத முஸ்லிம். அவர் வீட்டில் அவற்றைப் புத்தர் என்றே சொல்ல மாட்டார்களாம். பெரியது சல்சால், சின்னது ஷாமாமா. காதலர்கள். பாட்டி சொன்ன கதையை டீ குடித்தபடி எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் போன் திரையில் இன்றைக்கும் சிலை நின்ற அந்த வெற்று மாடம்தான் இருக்கிறது. இது யாரோ பௌத்தர்களின் இழப்பு மட்டும் என்று நினைப்பவர்கள் அவரிடம் பேச வேண்டும்.

"மனுஷன் சாகும்போது கல்லுக்கு அழுவதா?" என்று ஒருவர் கேட்கிறார். அதே 2001 ஜனவரியில், அதே பாமியான் மாகாணத்து யகாவ்லாங்கில் ஹசாரா ஆண்களைப் பிடித்துவந்து சுட்டுக் கொன்றார்கள். இரண்டே மாதத்தில் சிலைகள். கொன்றதும் உடைத்ததும் ஒரே ஆட்சி. கல்லுக்கு அழுகிறவன் மனிதருக்கு அழமாட்டான் என்று யார் சொன்னது? யகாவ்லாங் என்ற பெயரை நீங்கள் இதற்குமுன் ஒருமுறையாவது உச்சரித்ததுண்டா?

சிலைகளைத் திரும்ப எழுப்புவதா, மாடங்களை அப்படியே விடுவதா என்று வல்லுநர்கள் 20 வருடத்துக்கும் மேலாகப் பேசுகிறார்கள். பேசட்டும். அந்த ஊர் மக்களையும் கேட்கட்டும். நீங்கள் அவர்களுக்குத் துறவு போதிக்க வராதீர்கள். அதற்குப் புத்தரையும் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.